முதல் மூன்று நிமிடத்தின் கணக்கு

ரீபிறீதரில் மூச்சு விடும் சுழியோடிக்கு 50 மீற்றர் ஆழத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் ஒட்சிசன் செலவாகும். கரையில் அதே அளவு வேலை செய்தாலும் அவ்வளவுதான் செலவாகும். ஆழம் எவ்வளவு என்று உடம்பு கேட்பதில்லை. விட்ட மூச்சு குமிழியாக வெளியே போகாமல் குழாய் வழியே சோடாச் சுண்ணாம்புக் குடுவைக்குள் போகிறது. அங்கே காபனீரொட்சைட்டு கழிந்து, குறைந்த ஒட்சிசன் சேர்ந்து, திரும்பவும் வாய்க்கே வருகிறது. மூன்று லீற்றர்ச் சிலிண்டர் இரண்டை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் மணிக்கணக்கில் கடலடியில் இருப்பது இதனால்தான். அந்த இயந்திரம் பழுதானால், அதே ஆள் சாதாரணச் சிலிண்டரில் மூச்சு விட வேண்டும். 50 மீற்றரில் அமுக்கம் 6 பார். பதற்றமில்லாமல் மூச்சு விட்டாலே நிமிடத்துக்கு 20 லீற்றர், ஆறால் பெருக்கினால் 120 லீற்றர். விடும் மூச்சு முழுவதும் குமிழியாக மேலே போய்விடும்.

ஒன்று 120 ஆகும் அந்த நேரத்துக்கு என்ன கொண்டுபோவது, எவ்வளவு கொண்டுபோவது என்று கணக்குப் போடுவதுதான் என் தொழிலில் பெரும்பகுதி. சுழியோடிகள் அதைப் பெயில்அவுட் என்போம். அவசர வாயு என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

நான் மட்டக்களப்பான். எங்கள் கரையிலிருந்து சில கடல் மைல் தள்ளி, 53 மீற்றர் ஆழத்தில் ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. 1924 இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி, தளத்தில் ஒரு விமானம்கூட இல்லாமல், திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களிடம் அகப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கியது. உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் தூக்கி எடுத்தது. உள்நாட்டு யுத்த காலம் முழுவதும் எங்களுக்கு அந்தக் கடல் அடைத்த கடல். 2009 க்குப் பிறகுதான் வெளிநாட்டுச் சுழியோடிகள் கேட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். நானும் அவர்களோடு இறங்கத் தொடங்கினேன்.

வாழைச்சேனையிலிருந்து வாகரை வரையும், அதற்கு வடக்கேயும், கடலட்டையும் சங்கும் எடுக்க இறங்கிக் கால் விளங்காமல் போனவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு நாளில் சிலிண்டருக்கு மேல் சிலிண்டராக மாற்றி மாற்றி இறங்குவார்கள். மேலே வரும்போது நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைதரசன், அவசரமாக மேலே வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிறது. அது முள்ளந்தண்டு நரம்பைப் பிடித்தால் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விடும். ஸ்கொட்லாந்து உடலியலாளர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக நின்று நின்று ஏறும் அட்டவணையை 1908 இல் வெளியிட்டார். நூறு வருடம் கடந்தும் அது எங்கள் கரைப் பையன்கள் பலருடைய கைக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத விடயம்.

அவசர வாயுக் கணக்கு சிக்கலாவதும் இதனால்தான். இயந்திரம் கைவிட்டால் மேலே போய்விடலாம் என்பது 10 மீற்றரில் நிற்பவருக்குச் சரி. 53 மீற்றரில் இருபத்தைந்து நிமிடம் நின்றவருக்கும் மேற்பரப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று இருக்கிறது. 27 மீற்றரை ஒட்டிய ஆழத்திலிருந்து 6 மீற்றர் வரை அங்கங்கே நின்று, கடைசியில் 6 மீற்றரில் நெடுநேரம் காத்திருந்துதான் அதைத் தாண்டலாம். ஏறுவதற்கான வாயு மட்டும் போதாது. காத்திருப்பதற்கும் வேண்டும்.

ரீபிறீதர் பழகியது எகிப்தில், செங்கடற்கரை தஹாபில். எனக்குப் பழக்கியவர் கணக்கில் கண்டிப்பானவர். நிமிடத்துக்கு 30 லீற்றர், அடியில் இரண்டு நிமிடம், பிறகு ஏற்றம், பிறகு நிறுத்தங்கள் என்று மணலில் விரலால் எழுதிக் காட்டுவார். அமைதியாக இருப்பவருக்கு 15 அல்லது 20 போதும், பதற்றத்துக்குச் சேர்த்து 30 வைக்கிறோம் என்பது அவர் விளக்கம். அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் ரீபிறீதரை விட்டு வெளியேறும் எல்லாரையும் ஒரே ஆளாக அது எண்ணுகிறது.

எந்தக் காரணத்தால் வெளியேறுகிறார் என்பதைப் பொறுத்து ஆள் மாறுகிறார். ஒட்சிசன் உணரிகள் மூன்றும் மூன்று எண் காட்டினால் ஒருவர் நிதானமாக வாய்ப்பிடியை மாற்றிக்கொண்டு கிளம்பலாம். அவருக்கு 20 லீற்றரே போதும். எங்கோ ஓட்டை விழுந்து சுண்ணாம்புக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், வாய்க்கு வரும் காரத்தண்ணீர் தொண்டையைச் சுடும், இருமல் வரும். அப்போது 30 வேண்டும். மூன்றாவது ஆள்தான் நான் பயப்படும் ஆள். குடுவையில் கழியாத காபனீரொட்சைட்டையோ, நுரையீரலை விட்டு வெளியேறாத காபனீரொட்சைட்டையோ இரத்தத்தில் ஏற்றிக்கொண்டவர் அவர்.

மூச்சை விரட்டுவது காபனீரொட்சைட்டு. ஒட்சிசன் குறைந்தால் மனிதனுக்குத் தெரியாது; விளக்கு அணைவது போல மயங்கிவிடுவான். காபனீரொட்சைட்டு கொஞ்சம் கூடினாலோ நெஞ்சு தானாகவே வேகம் பிடிக்கும். இதை 1905 இல் நிறுவியவர்களும் ஹால்டேனும் அவருடைய சக ஆய்வாளர் பிறீஸ்லியும்தான். அவர்கள் கண்டுபிடித்தது சுழியோடியின் உடம்பில் இரண்டு விதமாக வேலை செய்யும். மூச்சு வேகம் நிமிடத்துக்கு 50 லீற்றருக்கும் மேலே போகும். அதோடு, புத்தி மங்கும். வாயில் இருக்கும் வாய்ப்பிடியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க ஒரு விநாடி மூச்சை அடக்க வேண்டுமே, அந்த ஒரு விநாடியை உடம்பு தர மறுக்கும்.

ஒரு சித்திரை மாதம் இதைக் கண்ணால் பார்த்தேன். வந்தவர் வெளிநாட்டவர், நெடுங்கால அனுபவமுள்ளவர், உடற்கட்டும் உள்ளவர். 21 வீத ஒட்சிசனும் 15 வீத ஈலியமும் சேர்ந்த கலவை அவருடையது. ஹெர்மிஸின் பின்புறத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கி ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நீரோட்டம் திடீரென்று வலுத்தது. இறங்கிய கயிற்றுக்குத் திரும்ப, ஓட்டத்துக்கு எதிராகக் கப்பலின் நீளத்தில் பாதியாவது நீந்த வேண்டியிருந்தது. 48 மீற்றரில், என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தவரின் தோள்கள் ஏறி இறங்குவதைக் கண்டேன். முகமூடிக்குள் கண்கள் விரிந்திருந்தன. வெளியேறு என்று கைகாட்டினேன். அவருடைய வாய்ப்பிடியிலேயே பெயில்அவுட் வால்வு பூட்டியிருந்தது. ஒரு நெம்புகோலைத் திருப்பியதும் மூச்சு சிலிண்டருக்கு மாறியது. கப்பலின் இரும்பைப் பிடித்தபடி அவர் நின்ற இரண்டு நிமிடமும் நான் அவருடைய அமுக்கமானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 11 லீற்றர்ச் சிலிண்டரில் 55 பார் இறங்கியது.

படகில் ஏறி, பாணும் தேத்தண்ணியும் உள்ளே போன பிறகு கணக்குப் போட்டோம். 55 ஐப் 11 ஆல் பெருக்கினால் 605 லீற்றர். 48 மீற்றரில் 5.8 பார். இரண்டு நிமிடத்துக்குப் பிரித்தால், நிமிடத்துக்கு 52 லீற்றர். தஹாபில் மணலில் எழுதிய கணக்குப்படி அந்த இரண்டு நிமிடத்துக்கு 348 லீற்றர்தான் ஒதுக்கியிருப்போம். அவர் சொன்ன இன்னொன்றும் என் மனதில் நிற்கிறது. வால்வைத் திருப்பிய பிறகும், சிலிண்டரிலிருந்து காற்று வரவில்லை என்றே அவருக்குத் தோன்றியதாம். பிடுங்கி எறிந்துவிட்டு மேலே ஓட வேண்டும் போல இருந்ததாம். றெகுலேற்றரில் ஒரு குறையும் இல்லை. காபனீரொட்சைட்டு ஏறிய உடம்புக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது, அது இறங்க நேரம் வேண்டும்.

அவருடைய சுண்ணாம்புக் குடுவையைத் திறந்து பார்த்தோம். நன்றாகத்தான் நிரப்பியிருந்தார். காரணம் கலவையிலும் நீச்சலிலும் இருந்தது. ஆழம் கூடக் கூட வாயு அடர்ந்து கனக்கிறது. கனத்த வாயுவை இழுத்து விடுவதே நுரையீரலுக்கு வேலை. அதற்கு மேல் நீச்சலும் சேர்ந்தால், உண்டாகும் காபனீரொட்சைட்டை வெளியேற்ற முடியாமல் அது உடம்பில் தேங்கிப்போகும். கவின் அன்தனியும் சைமன் மிச்சலும் 2016 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வாயு அடர்த்தி லீற்றருக்கு 5.2 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது, 6.2 ஐ எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. நம்முடைய விருந்தினரின் கலவை 48 மீற்றரில் ஆறரைக் கிராம். வெறும் காற்றோடு ஹெர்மிஸின் அடிக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் இழுப்பது லீற்றருக்கு எட்டுக் கிராம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அவுஸ்திரேலியரான டேவிட் ஷோ 2005 ஜனவரி 8 ஆம் திகதி தென்னாபிரிக்காவின் புஷ்மன்ஸ் குகையில், 270 மீற்றரில், ரீபிறீதரோடு இறந்தார். பத்து வருடத்துக்கு முன்பு அங்கே இறந்துபோன இளைஞர் ஒருவரின் உடலை மீட்டுப் பெற்றோரிடம் கொடுக்கப் போனவர் அவர். தலைக்கவசத்தில் அவர் பூட்டியிருந்த கமெரா கடைசி மூச்சு வரை பதிந்தது. மூச்சு எப்படி வேகமெடுத்தது என்பதை மருத்துவர்கள் அதிலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். கனத்த வாயுவும் கடும் முயற்சியும் சேர்ந்து காபனீரொட்சைட்டு தேங்கியதே காரணம் என்று முடிவு சொன்னார்கள். நாங்கள் இறங்கும் ஆழத்துக்கும் அதற்கும் ஒப்பில்லை. ஆனால் பொறிமுறை ஒன்றுதான். மாணவர்களுக்கு அவருடைய கதையை முழுவதும் சொல்லாமல் நான் யாரையும் 40 மீற்றருக்குக் கீழே கூட்டிப்போவதில்லை.

அந்தச் சித்திரைக்குப் பிறகு ஹெர்மிஸுக்கான எங்கள் கணக்கு இப்படி மாறியது. அடியில் முதல் மூன்று நிமிடம், நிமிடத்துக்கு 50 லீற்றர். 53 மீற்றரில் 6.3 பார். பெருக்கினால் 945 லீற்றர். அடுத்து, 21 மீற்றர் வரை ஏற நான்கு நிமிடம், நடு ஆழத்தில் 4.7 பார், 30 லீற்றர் வீதம்: 564. வழியில் 27 மீற்றரை ஒட்டிய நிறுத்தங்களுக்கு நான்கு நிமிடம்: 444. மொத்தம் 1,953 லீற்றர். 11 லீற்றர்ச் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பி, கடைசி 20 பாரைத் தொடாமல் விட்டால் எடுக்கக்கூடியது 1,980. மிச்சம் 27 லீற்றர். அடியில் அதை 6.3 ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டு நீண்ட மூச்சு வரும்.

தாளில் போதும் என்று எழுதியிருக்கும். கடலில் போதாது. முன்பு ஹெர்மிஸில் 35 நிமிடம் நின்றோம், 25 ஆகக் குறைத்தோம். அதனால் ஆழமான நிறுத்தங்கள் பாதியாகி இருநூற்றுச் சொச்சம் லீற்றர் கையில் மிஞ்சியது. பத்து நிமிடம் குறைந்ததற்காக முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். பெருந்தொகை கட்டி, இரண்டு விமானம் மாறி வந்தவர்களுக்கு அது வலிக்கும்தான்.

21 மீற்றருக்கு மேலே இன்னொரு சிலிண்டர், 50 வீத ஒட்சிசன். 21 இலிருந்து 9 வரை பதினைந்து நிமிடம், சராசரி 2.5 பார், 20 லீற்றர் வீதம் 750. 6 மீற்றரில் இருபத்தைந்து நிமிடம், 1.6 பார்: 800. கூட்டினால் 1,550. இதில் தாராளமாக மிஞ்சுகிறது. ஆனால் இந்த நிமிடங்கள் ஒரு குறிப்பிட்ட நாளுக்கும் குறிப்பிட்ட கலவைக்கும் கணினி தந்தவை. யாரும் இதைப் பார்த்து எழுதிக்கொண்டு கடலில் இறங்கக் கூடாது.

எங்கள் ஊர் வெயிலும் கணக்கில் கைவைக்கும். வெளிநாட்டுப் பாடநூல்களில் இது பெரிதாக இராது. படகில் வெயிலில் கிடந்த சிலிண்டர் 45 பாகையில் 200 பார் காட்டும். 28 பாகைத் தண்ணீருக்குள் போனதும் அதுவே 189 ஆகும். 11 பார் குறைந்தால் 11 லீற்றர்ச் சிலிண்டரில் 121 லீற்றர் காணாமல் போகிறது. வாயு எங்கும் கசியவில்லை, முதலிலேயே இருக்கவில்லை. அதனால் படகில் சாக்கை நனைத்து மூடி வைப்போம். தண்ணீருக்குள் இறங்கி ஐந்து மீற்றரில் நின்று பார்க்கும் எண்ணைத்தான் நம்புவோம். 185 க்குக் கீழே காட்டினால் அந்தச் சிலிண்டரோடு அடிக்குப் போவதில்லை.

அடிக்கான கலவையாக நான் இப்போது வைத்திருப்பது 18 வீத ஒட்சிசன், 45 வீத ஈலியம், மிச்சம் நைதரசன். இலேசான ஈலியம் கூடியதால் 53 மீற்றரில் அடர்த்தி லீற்றருக்கு ஐந்து கிராமை ஒட்டி நிற்கும். ஒட்சிசனின் பகுதியமுக்கம் 1.13. மேற்பரப்பிலும் மூச்சு விடலாம். ரீபிறீதருக்குள் ஊட்டும் கலவையும் இதுவே, அவசரச் சிலிண்டரில் இருப்பதும் இதுவே. இரண்டையும் ஒன்றாக வைத்தால் மாற்றிப் பூட்டும் ஆபத்து குறைகிறது. வெறும் 11 லீற்றர்ச் சிலிண்டரில் முதலில் ஈலியம் 90 பார், பிறகு ஒட்சிசன் 16, கடைசியில் கம்பிறசர்க் காற்று 94. மறுநாள் காலை ஆறிய பிறகு, இரண்டு வாயுவையும் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்து, இறங்கப் போகிறவரே தன் கையால் எழுதி ஒட்ட வேண்டும். நான் அளந்து கொடுத்ததை இன்னொருவர் நம்பி எடுத்துக்கொண்டு போக விடமாட்டேன்.

ஈலியம் எங்களுக்குக் கொழும்பிலிருந்து லொறியில் வந்து சேர வேண்டியது. ஒரு சிலிண்டருக்கு 990 லீற்றர் போகிறது. அது அவசரத்துக்கென்று நிரப்பி, பெரும்பாலும் தொடாமலே கரைக்குத் திரும்பக் கொண்டுவரும் வாயு. விலையைப் பார்த்துவிட்டு, ரீபிறீதருக்குள் மட்டும் ஈலியத்தை ஊட்டி, அவசரச் சிலிண்டரில் காற்றை நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மூச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது, மூளை ஏற்கெனவே மங்கியிருக்கும்போது, எட்டுக் கிராம் கனமுள்ள வாயுவை, ஆழத்தில் நைதரசன் தரும் போதையோடு சேர்த்து வாயில் வைக்கிறார்கள். மிக மோசமான நிமிடத்துக்கு மிக மோசமான வாயுவைத் தெரிவு செய்வது இது. ஒரு முறை நிரப்பியதைத் தொடாவிட்டால், மறுபடி அளந்து, அடுத்த இறக்கத்துக்கும் அதையே கொண்டுபோகலாம். ஈலியம் பழுதாவதில்லை.

வாய்ப்பிடியிலேயே இருக்கும் பெயில்அவுட் வால்வை எல்லாரும் பூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதன் குழாய் எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. பல ரீபிறீதர்களில் அது முதுகிலுள்ள மூன்று லீற்றர்ச் சிலிண்டருக்குப் போகிறது. நிறைந்திருந்தாலும் அதில் 600 லீற்றர்தான். 53 மீற்றரில் 50 லீற்றர் மூச்சுக்காரருக்கு நிமிடத்துக்கு 315 லீற்றர் வேண்டும். இரண்டு நிமிடம்கூட வராது. அதற்குள் அவர் தெளிந்து, பக்கத்துச் சிலிண்டரின் றெகுலேற்றரைத் தேடி எடுத்து, மூச்சை அடக்கி மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் அவரால் செய்ய முடியாத வேலையே அதுதான். அதனால் எங்களோடு இறங்குபவர்களின் வால்வுக் குழாயைப் பக்கத்தில் தொங்கும் பெரிய சிலிண்டருக்கு மாற்றிக் கட்டுகிறோம். உதடு வாய்ப்பிடியை விடாமலே 11 லீற்றர்ச் சிலிண்டர் முழுவதும் கிடைக்கும்.

இறங்குவதற்கு முன் படகில் ஐந்து நிமிடம் ரீபிறீதரில் மூச்சு விட்டுப் பார்த்தால் சுண்ணாம்பு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2015 இல் வெளியான ஆய்வொன்று அந்த நம்பிக்கையைச் சோதித்தது. குடுவையில் ஒரு பகுதி பழுதான நிலையில் மூச்சு விட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது பிடிபடவேயில்லை. மற்றக் கோளாறுகளுக்காக அந்த ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகட்டும். காபனீரொட்சைட்டுக்கு அதை நம்பி அவசர வாயுவைக் குறைக்க முடியாது.

50 வீதச் சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 53 மீற்றரில் தவறி அதை வாயில் வைத்தால் ஒட்சிசனின் பகுதியமுக்கம் 3.15. வலிப்பு வரும், வாய்ப்பிடி விழும், ஆள் மூழ்கிப்போவார். எங்களிடம் அந்தச் சிலிண்டர் இடப்பக்கம் பின்னால், வால்வு மூடியபடி, றெகுலேற்றர் றப்பர் வளையத்துக்குள் செருகியபடி. 21 என்ற எண் உள்ளங்கை அளவில், நீளவாக்கில், தண்ணீருக்குள் நிற்பவர் குனிந்து வாசிக்கக் கூடியதாக எழுதியிருக்கும். எண்ணைப் பார், குழாயைத் தடவிக்கொண்டு வா, கூட்டாளியிடம் காட்டு, பிறகு வாயில் வை.

மூன்று பேர் சேர்ந்து இறங்கினால், ஒருவருக்கு மட்டுமே பழுது வரும் என்று எண்ணி, ஒன்றரை ஆளுக்கான அவசர வாயுவை மூவரும் பங்கிட்டுச் சுமப்பது ஒரு முறை. குகைக்குள் ஒரே கயிற்றைப் பிடித்துப் போகிறவர்களுக்கு அது ஒத்துவரலாம். எங்கள் கடலுக்கு ஒத்துவராது. நீரோட்டம் ஒரு நிமிடத்தில் ஆட்களைப் பிரித்துவிடும். கண் தெரியும் தூரம் காலையில் இருபது மீற்றராக இருந்து மத்தியானம் ஐந்தாகும். ஒரே நீரோட்டத்துக்கு எதிராக ஒரே வேகத்தில் நீந்திய மூவரில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் மற்ற இருவரும் அதற்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தன் வாயுவைத் தானே சுமக்க வேண்டும். மற்றவரிடம் உள்ளது கூடுதல் நன்மை, அவ்வளவுதான்.

இறங்கும் கயிற்றில் கட்டிவைக்கும் சிலிண்டருக்கும் இதே நியாயம்தான். கயிற்றுக்குத் திரும்ப முடியாத நாளில் அது இல்லாத சிலிண்டர். 6 மீற்றரில் படகிலிருந்து நாங்கள் ஒட்சிசன் தொங்கவிடுவதுண்டு. தாளில் அதைச் சேர்ப்பதில்லை.

கயிற்றை விட்டு விலகியவர் நடுத்தண்ணீரில் பலூனை மேலே அனுப்பிவிட்டு, அதன் நூலைப் பிடித்தபடி மிதந்துகொண்டே நிறுத்தங்களை முடிப்பார். சிவப்பு வந்தால் ஆள் நலம், மஞ்சள் வந்தால் வாயு வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. படகில் இருப்பவர் இதைத் தூக்கத்திலும் மறக்காதவராக இருக்க வேண்டும். எங்கள் தண்டயல் அறுபது தாண்டியவர், கல்லடிக்காரர், கடலை வாசித்தே வளர்ந்தவர். ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன்.

"மாமா, மஞ்சள் வந்தா?"

"வந்தா என்ன மனே, அந்தப் பச்சைக் கயித்துச் சிலிண்டர நூலோட கொளுவி இறக்கிப்போட்டு, எஞ்சின நிப்பாட்டிப்போட்டு ஓட்டத்தோட போறது."

"ரெண்டு இடத்தில ரெண்டு மஞ்சள் வந்தா?"

முதல் தடவை இதைக் கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அப்ப ரெண்டாவது வள்ளம் வேணும்," என்றார். அன்றிலிருந்து ஹெர்மிஸுக்கு இரண்டு வள்ளம் போகிறது. எந்தப் பாடநூலிலும் நான் வாசிக்காத திருத்தம் அது. ஒரு மனிதர் கடலில் நின்று யோசித்துச் சொன்னது.

பருவம் தொடங்கும்போது எல்லாருமாகக் கல்குடாப் பக்கம் பிரிட்டிஷ் சார்ஜண்டுக்குப் போவோம். அதுவும் 1942 இல் அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல். ஆழம் குறைவு, பழக நல்ல இடம். ஒவ்வொருவரும் சில நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு நீந்திவிட்டு, அந்த நிலையிலேயே ரீபிறீதரை விட்டு வெளியேறி, அவசரச் சிலிண்டரில் முழு ஏற்றத்தையும் செய்ய வேண்டும். கூட்டாளி அமுக்கமானியைப் பார்த்து நிமிடத்துக்கு நிமிடம் சிலேற்றில் எழுதுவார். கரைக்கு வந்து ஒவ்வொருவருடைய எண்ணையும் கொப்பியில் பதிகிறேன். பேச்சில் அமைதியானவர் 45 காட்டுவார், படபடப்பானவர் 28 இல் முடிப்பார். முகத்தைப் பார்த்து எவரையும் கணிக்க முடியாது என்று இந்தக் கொப்பி எனக்குக் காட்டியிருக்கிறது. 50 க்கு மேல் வந்தவருக்கு ஹெர்மிஸுக்கு இன்னொரு 11 லீற்றர்ச் சிலிண்டர் சேர்க்கிறோம். சுமை கூடும், நீந்துவது கடினமாகும், கடினமானால் மூச்சும் கூடும். அதனால் அவரோடு போகும் நாளில் அடியில் நீச்சலைக் குறைத்து, கயிற்றின் அருகிலேயே நிற்பதாகத் திட்டம் போடுகிறோம்.

போன பருவத்தில் ஒருவர் வந்தார். ஆழ்சுழியோட்டத்தில் நல்ல பெயர் உள்ளவர். கொண்டுவந்த அவசரச் சிலிண்டர் 5.7 லீற்றர், ஒன்றே ஒன்று. நிறைந்தால் 1,140 லீற்றர். இதுவரை ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை என்றார். கொப்பியை எடுத்து, சித்திரை மாதத்து 605 ஐயும் அதன் கீழே 315 ஐயும் எழுதிக் காட்டினேன். 1,140 ஐ 315 ஆல் வகுத்தால் மூன்றரை நிமிடம். அதன் பிறகு அவர் இன்னும் அடியில்தான் இருப்பார். நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 11 லீற்றர்ச் சிலிண்டர்கள் இரண்டு தருகிறேன், கொப்பியில் உங்கள் எண் ஏறிய பிறகு ஹெர்மிஸுக்குப் போகலாம் என்றேன். மறுநாள் காலை அவரையும் ஏற்றிக்கொண்டு வள்ளம் பிரிட்டிஷ் சார்ஜண்டுக்குப் போனது. அவருக்கு வந்த எண் 41.